விளையாட்டைத் திட்டாதீர், விற்பவனைக் கேளுங்கள்



கடந்த மாதம் எங்கள் பள்ளி மண்டபத்தில் பெற்றோருக்கான விழிப்புணர்வுக் கூட்டம் நடைபெற்றது. வெளியிலிருந்து அழைக்கப்பட்டிருந்த பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் நிகழ்பட ஆட்டங்களைச் சாடினார். ஆட்டம் நஞ்சு என்றார், பிசாசு என்றார், மூளையை அரிக்கும் கரையான் என்றார். “கைப்பேசியைப் பிடுங்குங்கள், பிள்ளை தானாகத் திருந்துவான்” என்று அவர் முடித்தபோது மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிவிட்டு வீடு திரும்பி, பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தி முடித்து, இரவு பத்தரை மணிக்கு அமர்ந்து ஒரு மணி நேரம் நிகழ்பட ஆட்டம் ஆடினேன்.

இந்த இரட்டை வேடம் போதும் என்று தோன்றியதால் இதனை எழுதுகிறேன். நாற்பதைக் கடந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். பத்து வயது முதல் நிகழ்பட ஆட்டங்களை ஆடி வருகிறேன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இரவில் இரண்டு மணி நேரம் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது குடும்பப் பண்பாடு. ஆட்டம் ஆடுவது மட்டும் சிறுபிள்ளைத்தனம்! போகட்டும்.

பேச்சாளர் ஆட்டத்தைத் திட்டினார் என்பது என் வருத்தமன்று. திட்ட வேண்டியதைத் திட்டாமல் விட்டுவிட்டார் என்பதே என் வருத்தம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ‘பணம்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை.

அதே வாரத்தில்தான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரை என் கைக்கு வந்தது. தன்கதை எழுதச் சொல்லியிருந்தேன். ‘நான் ஒரு பென்சில்’, ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி நமக்கெல்லாம் சலித்துப்போன தலைப்புகள்தாம். இவனோ ‘நான் ஒரு பெட்டி’ என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகளை நீக்கித் தருகிறேன்: “என்னைத் திறப்பதற்கு என் எசமானர் வைரம் கொடுப்பார். திறக்கும்போது நான் ஒளி வீசுவேன். ஆனால் என் வயிற்றில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதற்காக அவர் என்னை வெறுக்க மாட்டார். இன்னொரு பெட்டியை வாங்குவார்.”

சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு மெல்ல விசாரித்தேன். தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணம், அம்மாவின் கைப்பேசியில் இருந்த மின்பணப்பையின் மிச்சம், எல்லாமாகச் சேர்த்து 380 ரிங்கிட். இரண்டே மாலைகளில் பெட்டிகளாகப் போயிருந்தது. அவன் நாடிய உடுப்பு கிடைக்கவில்லை. (ஆட்டப் பாத்திரத்திற்கு அணிவிக்கும் உடுப்பைப் பிள்ளைகள் ‘ஸ்கின்’ என்பர்.) எந்த ஆட்டம் என்று இங்குச் சொல்லப்போவதில்லை, ஒன்றைச் சொன்னால் மற்றவை நல்லவை என்றாகிவிடும்.

அவன் தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். பள்ளிக்கு வந்து என் எதிரில் அமர்ந்து கேட்டார்: “விளையாட்டுக்கு எதுக்கு டீச்சர் காசு? அந்த கேம் சும்மாதானே கிடைச்சுச்சு?”

எவ்வளவு நேரிய கேள்வி! மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் பேசியவர் தொடாத கேள்வி. சும்மா கிடைத்த ஒன்று எப்படி 380 ரிங்கிட்டைத் தின்றது? அந்தத் தாய்க்கு அன்று நான் அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். முழு விடை கொஞ்சம் நீளமானது.

நான் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டக் கடைக்காரர் வீட்டில் ‘மைக்ரோ ஜீனியஸ்’ பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. சப்பானிய நிந்தெண்டோ கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட தைவான் நகல் அது. அசல் வாங்க யாரிடம் வசதி இருந்தது? அரை மணி நேரத்திற்கு ஐம்பது காசு. அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக்கொள்ள, நான் மூன்றாமவளாகப் பின்னால் நின்று பார்ப்பேன். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று பாட்டி கேட்பார். அண்ணன் குழியில் விழுந்து இறந்ததும் என் முறை வரும்.

‘சூப்பர் மேரியோ’ 1985-இல் வந்த ஆட்டம். எட்டு உலகங்கள், உலகத்திற்கு நான்கு கட்டங்கள், மொத்தம் 32. எந்தக் குழி எங்கே இருக்கிறது, எந்த ஆமை எப்போது வரும் என்பது முதல் நாள் இருந்தபடியே கடைசி நாளும் இருக்கும். நாம் இறந்தால் பிழை நம்முடையது. அதனால்தான் மறுபடி முயன்றோம். ‘கொந்த்ரா’ ஆட்டத்தில் முப்பது உயிர் பெறுவதற்கான மறைகுறியை என் அண்ணன் எங்கிருந்தோ கேட்டு வந்து, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பிப்பான்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம். அந்த முப்பது உயிர் இலவயம். இன்றாக இருந்தால் அதற்கு ஒரு விலைப்பட்டியல் தொங்கும்.

ஒரு பள்ளி விடுமுறை முழுக்கத் திணறி, எட்டாவது உலகத்தின் கடைசிக் கோட்டையை நாங்கள் கடந்தோம். ஆட்டம் முடிந்தது. நாங்கள் எழுந்து வெளியே போய்விட்டோம். மறுநாள் காலையில் அந்தப் பெட்டி எங்களைக் கூப்பிடவில்லை. ‘இன்று வராவிட்டால் உன் பரிசு போய்விடும்’ என்று மிரட்டவில்லை. எங்கள் பெயரே அதற்குத் தெரியாது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் பாட வரவில்லை. பட்டணத்துப் பேரங்காடியில் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் அப்போதே இருந்தன. சீக்கிரம் தோற்கடித்து அடுத்த காசை வாங்குவதுதான் அவற்றின் தொழில். ஆனால் அந்தக் காசு கையிலிருந்து விழும். விழும் ஓசை கேட்கும். பை காலியானதும் வீட்டிற்கு நடந்தாக வேண்டும். பேராசைக்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது.

அந்தக் கோட்டை அழித்தது யார், எப்போது என்று கேட்டால், என் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் பலரும் ஒரு குதிரையைக் காட்டுவார்கள். 2006-ஆம் ஆண்டில் ‘ஒப்லிவியன்’ என்ற பெரிய ஆட்டத்திற்கு அதன் தயாரிப்பாளர்கள் குதிரைக் கவசம் ஒன்றைத் தனியாக விற்றனர். விலை இரண்டரை அமெரிக்க டாலர். முழு விலை கொடுத்து ஆட்டத்தை வாங்கியவனிடம், குதிரைக்குச் சட்டை வேண்டுமா என்று கேட்டார்கள். உலகமே எள்ளி நகையாடியது. நானும் சிரித்தேன். சிரித்தவர்கள் ஏமாந்தோம், வாங்கியவர்களும் இருந்தார்கள், அதை நிறுவனங்கள் கணக்கெடுத்துக் கொண்டன.

அதன்பின் நடந்தவை விரைவானவை. ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ என்ற ஆட்டத்தில் 2010-இல் பூட்டிய பெட்டிகள் வந்தன, சாவிக்குப் பணம். அடுத்த ஆண்டே ஆட்டம் இலவயமாக்கப்பட்டது. 2012-இல் கைப்பேசிக்கு வந்த ‘கேண்டி கிரஷ்’ இன்னொரு சரக்கை விற்றது: காத்திருப்பு. ஐந்து உயிர்களும் தீர்ந்துவிட்டால் ஓர் உயிர் திரும்ப அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். நம் அம்மாக்களும் அத்தைகளும் கலியாண மண்டபத்தில் அமர்ந்தபடி இதனை ஆடியதை நாம் பார்த்திருக்கிறோம். அப்போது எந்தப் பேச்சாளரும் வந்து கரையான் என்று சொல்லவில்லை.

சப்பானில் ‘காச்சா’ என்றொரு முறை உண்டு. மளிகைக் கடை வாசலில் காசு போட்டுத் திருகினால் பிளாஸ்டிக் உருண்டை ஒன்று விழுமே, அந்தப் பொம்மை இயந்திரத்தின் பெயரிலிருந்து பிறந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது விழுந்த பிறகே தெரியும். அதைக் கைப்பேசி ஆட்டத்திற்குள் கொண்டுவந்தார்கள். பல பொம்மைகளையும் சேர்த்து முடித்தால்தான் பெரிய பரிசு என்ற ஒரு வகையை 2012-இல் சப்பானிய அரசே சட்டத்திற்குப் புறம்பானது என்று அறிவிக்க நேர்ந்தது. ஆனால் அடிப்படை முறை தப்பிப் பிழைத்தது, உலகெங்கும் பரவியது, நம் மாணவனின் கட்டுரைக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்டது.

பெட்டியின் கணக்கைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க முடியுமா என்று பார்க்க விரும்பினேன். நூறு தாள் துண்டுகளை மடித்து, ஒன்றில் மட்டும் விண்மீன் வரைந்து, ஒரு மைலோ டின்னில் போட்டேன். நூற்றுக்கு ஒரு விழுக்காடு வாய்ப்பு. எடுத்துப் பார்த்தபின் மறுபடி மடித்து உள்ளே போட்டுவிட வேண்டும், ஏனெனில் ஆட்டத்தின் பெட்டி காலியாவதே இல்லை. “நூறு முறை எடுத்தால் கட்டாயம் கிடைக்கும்தானே, டீச்சர்?” என்றாள் வகுப்பிலேயே கணிதத்தில் கெட்டிக்காரி. கிடைக்காது என்பதே உண்மை. நூறு பேர் ஆளுக்கு நூறு முறை எடுத்தாலும், அவர்களுள் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடுதான் எழுவார்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: 0.99-ஐ அதனாலேயே நூறு முறை பெருக்கினால் 0.366 வரும். பெரியவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வகுப்பில் 28 பேர், ஆளுக்குப் பத்து முறை எடுத்தோம். 280 முறையில் இரண்டு முறை மட்டும் விண்மீன் வந்தது. அவற்றுள் ஒன்று, ஒரு மாணவனுக்கு முதல் எடுப்பிலேயே வந்துவிட்டது. அவன் துள்ளிக் குதித்தான். வகுப்பே அவனைச் சூழ்ந்தது. மீதி ஒன்பது முறையும் வெற்றுத்தாள் வந்தபோது அவன் முகம் சுருங்கவில்லை. “இன்னும் பத்து முறை கொடுங்க, டீச்சர்” என்று கேட்டான். ஓய்வு மணி அடித்த பிறகும் கேட்டான். பரிசென்று நான் எதுவுமே வைக்கவில்லை. வெறும் பேனா விண்மீன். பாடம் வெற்றி பெற்றுவிட்டதா தோற்றுவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று நான் கொஞ்சம் அஞ்சிப்போனேன் என்பது மட்டும் உண்மை.

இனி, நம்மவர்கள் அறியாத ஒரு செய்தி. இந்தப் பெட்டிகளை எதிர்த்து முதலில் உரக்கக் குரல் எழுப்பியவர்களுள் முன்வரிசையில் நின்றவர்கள் ஆட்டக்காரர்கள்தாம். 2017 நவம்பரில் ‘பேட்டில்ஃப்ரன்ட் 2’ வெளிவரவிருந்தது. அறுபது டாலர் ஆட்டம். டார்த் வேடர் போன்ற புகழ்பெற்ற பாத்திரத்தைத் திறக்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆட்டத்தின் வலிமையையே பெட்டிகளில் வைத்து விற்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. எதிர்ப்பு வெடித்தது. முறையான வெளியீட்டிற்கு முந்தைய நாள், ஆட்டத்திற்குள் பணம் வாங்கும் வசதியை நிறுவனமே நிறுத்தி வைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. அந்நாட்டில் காற்பந்து ஆட்டப் பெட்டிகளுக்கான நாணய விற்பனை 2019 தொடக்கத்தில் நின்றது.

அமெரிக்காவிலும் வணிக ஆணையம் விழித்தது. 2022 திசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ நிறுவனம் 520 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதில் 245 மில்லியன், ஏமாற்றும் பொத்தான் அமைப்புகளால் விரும்பாமலேயே பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. எஞ்சியது சிறார் தனியுரிமை மீறலுக்கான தண்டம். 2025 சனவரியில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ நிறுவனத்திற்கு 20 மில்லியன். பெற்றோர் ஒப்புதலின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெட்டி விற்கக் கூடாது என்பதும் உடன்பாட்டில் சேர்ந்தது. பரிசு கிடைக்கும் வாய்ப்பையும் அதற்கு ஆகும் உண்மையான செலவையும் மறைத்தார்கள் என்பது அங்கே எழுந்த குற்றச்சாட்டு. ரிங்கிட்டை வைரமாக்கு, வைரத்தைச் சீட்டாக்கு, சீட்டைக் கொடுத்துப் பெட்டியைத் திற என்று மூன்று படி வைத்தால் ஆண்டு 4 கணிதத்தில் ‘பணம்’ தலைப்பில் முழு மதிப்பெண் வாங்கியவனும் தடுமாறுவான். தடுமாற வேண்டும் என்றே படிகள் வைக்கப்பட்டுள்ளன. வைரம் எப்போதும் வேண்டியதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சற்றுக் குறைவாகவோதான் கட்டுக்கட்டாக விற்கப்படும். மிச்சம் நாலு வைரம் கணக்கில் கிடந்து அடுத்த கட்டை வாங்கச் சொல்லிக் கொண்டே இருக்கும்.

சீனா 2021-இல் வேறு வழி சென்றது: பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டுமே இணைய ஆட்டம் ஆடலாம். நம் பேச்சாளருக்கு இது இனிக்கும். எனக்கு இனிக்கவில்லை. கடிகாரத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் அந்த ஒரு மணி நேரத்திற்குள் கடை திறந்துதானே இருக்கிறது? பத்தே நிமிடத்தில் 380 ரிங்கிட்டைத் தொலைக்கலாம்.

வெளித்தோற்றத்தைப் பார்த்துவிட்டு உள்ளிருப்பதைத் தவறவிடுவது நம் பேச்சாளருக்கு மட்டும் உரிய நோயன்று. ‘பலாட்ரோ’ என்ற ஆட்டத்தைக் கனடாவைச் சேர்ந்த ஒருவர் தனியாளாக உருவாக்கி 2024-இல் வெளியிட்டார். சீட்டுக்கட்டுப் படங்கள் உண்டு. போக்கர் கைகளின் பெயர்கள் உண்டு. ஆனால் பணயம் கிடையாது, உள்ளே ஒரு காசுக்கும் விற்பனை கிடையாது. ஐரோப்பிய வயதுத் தரமிடல் அமைப்பு அதற்கு 18 என்று முத்திரை குத்தியது. அதே அமைப்பு, வீரர்களைக் குலுக்கல் பொதிகளில் விற்கும் காற்பந்து ஆட்டத்திற்கு 3 என்று குத்தியிருந்தது! மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றதாம். முறையீட்டிற்குப் பின், 2025 பிப்ரவரியில்தான் பலாட்ரோவின் முத்திரை 12 ஆகக் குறைக்கப்பட்டது. சீட்டின் படத்தைக் கண்டால் பதறுவோம். சூது நடந்தால் கண்டுகொள்ளோம்.

இத்துறையின் போக்கைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பணத்தைச் சேமித்து முறையாக விலைகொடுத்து வாங்கித் தரும் பெற்றோரும் உளர். வாங்கியது உங்களுடையது என்று நம்பாதீர்கள். 2014-இல் வந்த ‘தி குரூ’ என்ற மகிழுந்து ஆட்டத்தின் வழங்கிகளை நிறுவனம் 2024 மார்ச்சு இறுதியில் அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. அதே ஆண்டில் ‘கான்கோர்ட்’ என்ற பேராட்டம் ஆகஸ்டு 23-இல் வெளிவந்து செப்டம்பர் 6-இல் மூடப்பட்டது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்பது வேறு. ஆண்டுக் கணக்கில் பலர் உழைத்த ஒன்றுக்குப் பதினான்கு நாள் ஆயுள்! முடிவே இல்லாத ஆட்டம் ஒன்றைச் செய்து, மக்களை அதிலேயே குடியிருக்கச் செய்து, மாதந்தோறும் வாடகை வாங்க வேண்டும் என்ற வெறியில் இத்துறையின் பெரு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததன் விளைவு இது. என் கடைக்காரர் வீட்டு மேரியோ இன்றும் ஓடும்.

அப்படியானால் நல்லது ஏதும் மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கிறது. அதுவும் நம் மொழியின் பெயரிலேயே.

2023 சூலை இறுதியில் ‘வெண்பா’ என்றோர் ஆட்டம் வெளிவந்தது. தொராண்டோவில் ஒரு சிறு குழுவினர் செய்தது. எண்பதுகளின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற்குக் குடியேறிய வெண்பா, பாவலன் இணையரின் கதை. அங்கே பிறக்கும் மகன் கவின். ஆட்டத்தில் நாம் செய்ய வேண்டியது சமையல். வெண்பாவின் அம்மா எழுதித் தந்த குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. மறைந்துபோன வரிகளை நாமே ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். தட்டுகளைத் தவறாக அடுக்கினால் இட்லி வேகாது. மறுபடி செய்யலாம். தண்டனை இல்லை, வைரம் இல்லை, கடை இல்லை. ஒரே முறை பணம்; 15 அமெரிக்க டாலர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-இல் பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் பாஃப்டா விருது, சிறந்த முதல் ஆட்டத்திற்காக இதற்குக் கிடைத்தது.

மகன் வளர வளர அம்மாவின் மொழியிலிருந்தும் உணவுப் பொட்டலத்திலிருந்தும் விலகிப் போவான். அம்மா தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் விடை சொல்வான். நம் பள்ளிகளின் வாசலில், மகிழுந்துக் கதவு திறக்கும் அந்த இரண்டு நிமிடங்களில் நாம் நாள்தோறும் காதால் கேட்பதுதான். பின்னாளில் வளர்ந்த கவின் அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அடுப்படியில் தடுமாறுகிறான். அந்த இடத்தில் நான் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன். இருபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கிறேன். மொழியை இழப்பது எப்படியிருக்கும் என்பதை ஒரு தோசைக்கல்லின் முன் நிறுத்தி எந்தப் பாடநூலும் எனக்குக் காட்டியதில்லை.

இந்த ஆட்டம் வெளிவந்தபோது நம் தமிழாசிரியர் புலனக் குழுக்களில் எத்தனை பேர் இதனைப் பகிர்ந்தோம்? நானறிந்த மூன்று குழுக்களில் ஒருவர்கூட இல்லை. ‘ஆட்டத்தால் அழியும் தலைமுறை’ என்ற காணொளி மட்டும் நாற்பது முறை வந்தது. எல்லா ஆட்டமும் ஒன்றே என்று நாம் சொல்லும்போது மகிழ்பவர் யார் தெரியுமா? பெட்டி விற்பவர். வெண்பாவையும் பெட்டிக்கடையையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால் பெட்டிக்கடைக்கு முகவரியே இல்லாமற் போகிறது. பிள்ளைக்கும் நம் சொல்லில் மதிப்பு போய்விடுகிறது. ஏனெனில் அவனுக்கு வேறுபாடு தெரியும், நமக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

நம் கை தூய்மையா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் வகுப்பில் பயன்படுத்தும் கற்றல் செயலிகளைப் பாருங்கள். புள்ளி, பதக்கம், தரவரிசை, ‘தொடர்ந்து பன்னிரண்டு நாள் வந்துவிட்டாய், இன்று விட்டுவிடாதே’ என்ற எச்சரிக்கை. எங்கிருந்து வந்த தந்திரம் இது? சென்ற ஆண்டு நானே வாசிப்புத் திட்டத்திற்கு இப்படியொரு தொடர்வருகைப் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். பிள்ளைகள் நாள்தோறும் புத்தகம் எடுத்தார்கள். மூன்றாம் வாரம் கவனித்தேன்: மெல்லிய புத்தகமாகத் தேடித் தேடி எடுத்தார்கள். காய்ச்சலில் ஒரு நாள் விடுபட்டுத் தொடர் அறுந்த ஒரு சிறுமி அதன்பின் நூலகப் பக்கமே வரவில்லை. பட்டியலைக் கிழித்தேன். அவளை மீட்க எனக்கு இரண்டு மாதமானது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஆட்ட அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது என்று கூட்டங்களில் முழங்குகிறோம். அடிமைப்படுத்தும் அதே கயிற்றின் ஒரு நுனியை நாமே பிடித்துக்கொண்டு முழங்குகிறோம்.

பெற்றோர்களே, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அதனைப் பாருங்கள். செயலிக் கடையில் ‘நிறுவு’ என்ற பொத்தானுக்கருகில் சிறிய எழுத்தில், செயலிக்குள் வாங்கும் வசதி உண்டு என்று எழுதியிருக்கும். அந்தச் சிறிய எழுத்துதான் விலைச்சீட்டு. பணப்பைக்கும் வங்கி அட்டைக்கும் கடவுச்சொல் இடுங்கள்; அந்தச் சொல் பிள்ளையின் பிறந்த நாளாக இருக்க வேண்டா. பிறகு அவன் அருகில் உட்கார்ந்து கேளுங்கள்: “இந்த ஆட்டம் எப்போது முடியும்?” இந்தக் கேள்விக்கு விடை இருக்கிற ஆட்டம் என்றால் பெரும்பாலும் நிம்மதியாக ஆடவிடலாம் என்பது என் பட்டறிவு. ‘முடியவே முடியாது’ என்றால், அடுத்து ‘இதில் எதை விற்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பிள்ளை மறைக்க மாட்டான். ஆவலோடு விளக்குவான். இத்தனை நாள் யாரும் கேட்காததால்தான் சொல்லவில்லை.

ஆட்டம் இலவயமாக வேண்டும் என்ற நம் ஆசையும் குற்றத்தில் பங்குடையது. பத்து, இருபது ரிங்கிட் கொடுத்து ஒரு நல்ல ஆட்டத்தை வாங்கித் தர மனம் வராத நாம்தாம், சும்மா கிடைத்ததை ஏற்றிக்கொடுத்துவிட்டு நானூறு ரிங்கிட்டை இழக்கிறோம். இதனைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த மாணவனின் கட்டுரைக்கு முப்பதுக்கு இருபத்தேழு மதிப்பெண் இட்டேன். எழுத்துப் பிழைக்கு மூன்றைக் கழித்தேன். சென்ற வெள்ளிக்கிழமை பாடநேரத்திற்குப் பின் என் மடிக்கணினியில் வெண்பாவின் முதல் பகுதியை அவனுக்கும் இன்னும் நால்வருக்கும் ஆடக் கொடுத்தேன். முதல் இட்லி வேகவில்லை. ஐவரும் தட்டை எப்படி அடுக்குவது என்று சண்டையிட்டுக் கொண்டார்கள், தமிழிலேயே. பகுதி முடிந்ததும் அவன் திரையின் மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு, “டீச்சர், இதுல எங்கே டாப்-அப் பண்றது?” என்று கேட்டான். இல்லை என்றேன். நம்பாமல் மறுபடி தேடினான்.

அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். அரை மணி நேரம் எனக்கு ஒதுக்கும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மைலோ டின்னையும் நூறு தாள் துண்டுகளையும் எடுத்துச் செல்லப் போகிறேன். பெற்றோர் ஒவ்வொருவரும் பத்து முறை எடுக்கட்டும். அந்த மாணவனின் தாயாருக்கு அன்று இரவு வேலை. மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.